அம்மாளாச்சிக்குப் பழகிய பேர்

அக்கா,

காலையில் எழும்பின உடனே நம்முடைய பித்தளைத் தட்டைப் புளி போட்டு மினுக்கினேன். தேர்த்திருவிழாக் கடையில் நீங்களும் நானும் விலை பேசிப் பேசிக் கடைக்காரனை அழவைத்து வாங்கினோமே, அந்த அர்ச்சனைத் தட்டு. அதற்கென்று சொந்த வீடு கிடையாது. கடைசியாக எந்த வீட்டில் வைத்துப் பிரசாதம் பங்கு போட்டோமோ, அந்த வீட்டில் கிடக்கும். போன மாரியில் நீங்கள் கண்ணை மூடியபோது அது உங்கள் வீட்டில் கிடந்தது. ஏழாம் நாள் பிக்குமாருக்குத் தானம் கொடுத்து முடிந்த பிறகு உங்கள் வீட்டுக்காரர், உங்கள் மாத்தயா, நம் இரண்டு வீட்டுக்கும் இடையில் உள்ள வேலிப் பொட்டுக்குள்ளால் அதைக் கொண்டுவந்து தந்தார். தட்டு நிறைய உங்கள் முற்றத்து அரலியாப் பூ.

"வெறுந்தட்டாக் குடுத்தா அவ எனக்கு ஏசுவா நங்கி" என்றார். நீங்கள் போன பிறகும் மனுசன் உங்களுக்குப் பயந்துதான் இருக்கிறார். அந்த விசயத்தில் கவலைப்பட வேண்டாம்.

புளியும் பித்தளையும் சேர்ந்த மணம் கையில் ஏறினதும் நீங்கள் கிணற்றடியில் எனக்குப் பக்கத்தில் குந்தியிருப்பது போலவே இருந்தது. அதுதான் மத்தியானத்துக்கு அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, மகனின் எழுத்துத் தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கோ தமிழ் வாசிக்கவே வராது, ஆகவே எனக்கு அந்தப் பயம் இல்லை.

தட்டை மினுக்கியதன் காரணம், எங்கள் வீட்டுக்காரருக்கு நாளைக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் கண் ஒப்பரேசன். கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. படலையடியில் வந்து நின்ற தபால்காரரை "வாங்கோ மச்சாள், இருங்கோ" என்று இவர் உபசரித்த பிறகுதான் மகன் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனான். ஆம்பிளைகள் வார்ட்டில் என்னை நிற்க விடமாட்டார்களாம். "நீ இஞ்சை நிண்டு கும்பிடு, அது காணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கும்பிடுகிறது எனக்குப் பெரிய வேலையா? ஆனால் தட்டு பளபளவென்று வந்த பிறகுதான், அதில் என் முகத்தைப் பார்த்தபடி நிற்கையில், நெஞ்சில் ஒரு இடி இடித்தது. பின்னேரப் பூசையில் ஐயர் "பேர், நட்சத்திரம்?" என்று கேட்பாரே. இனி இவருடைய பேரை ஆர் சொல்வது?

நான் அவருடைய பேரைச் சொன்னதே இல்லை. உங்களுக்குத் தெரியாததா! தாலி ஏறின நாளிலிருந்து "இஞ்சேருங்கோ" தான். பிள்ளைகள் பிறந்த பிறகு "பிள்ளையின்ர அப்பா" என்று பதவி உயர்ந்தது, அவ்வளவுதான். புருசன் பேரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்த சாதி நாங்கள். இந்தக் காலத்துப் பெட்டைகள் சிரிக்கட்டும். சிரிக்கிறவளின் புருசனா நாளைக்குக் கண்ணை வெட்டக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறார்?

நாம் இருவரும் பழகியதே இந்தப் பேர் சொல்லாத கதையால்தானே அக்கா. வெள்ளைக்காரன் துறைமுகத்தில் இருந்த காலம். நாங்கள் ஊரை விட்டு அந்த வாடகை வீட்டு வரிசைக்கு வந்த புதிது. கூப்பன் கந்தோரில் அரிசிக்கு நிற்கிறேன். கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே "புருசன்ர பேர்?" என்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. விடுகதை போட்டேன்.

"மலையில நிக்கிறவர். அந்த மலையின்ர பேர். பிறகு, அவர் கையில வைச்சிருக்கிற சாமான்."

"அம்மா, இது கந்தோரோ, கலியாண வீடோ? பேரைச் சொல்லுங்கோ!"

அப்போதுதான் எனக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், நல்ல சத்தமாக, "பலனிவேலு!" என்றது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையும் சீத்தைத் துணியும் உடுத்த, எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண். உங்கள் மாத்தயாவும் எங்கள் வீட்டுக்காரரும் துறைமுகத்தில் ஒரே இடத்தில் வேலை, அதனால் பேர் உங்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்தது உங்கள் முறை. கிளாக்கர் அதே கேள்வியைக் கேட்டார். அதுவரை அவ்வளவு கெட்டித்தனமாக நின்ற நீங்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அபே மாத்தயா" என்றீர்கள். 'எங்கள் ஐயா' என்கிற மாதிரி. அவ்வளவுதான். எனக்கு அந்த நேரம் வந்த சிரிப்பை என்ன சொல்ல! தெற்கே காலிப் பக்கத்திலிருந்து இத்தனை தூரம் வந்த பெண்ணும் என்னைப் போலத்தான். உடனே கடன் தீர்த்தேன். "சின்னதாசன் எண்டு எழுதுங்கோ" என்றேன்.

உங்கள் முகம் போன போக்கு! அவருடைய பேர் ஜினதாச. ஆனால் எங்கள் ஆக்களின் வாய்க்கு ஒரு ஆம்பிளையின் பேர் என்றால் கடைசியில் 'ன்' வந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அரைவாசியில் நிற்கிறது போல் இருக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். "சின்ன ஆள் இல்லை நங்கி, வாசல்படியில தலை இடிக்கிற ஆள்." அன்றிலிருந்து நான் உங்களுக்கு நங்கி, தங்கச்சி. நீங்கள் எனக்கு அக்கா. 'அக்கா' உங்கள் பாஷையிலும் அக்காதானே. நமக்குள் நாக்கு இடறாத சொல் அது ஒன்று.

நீங்கள் சொன்ன பேரை நான் இங்கே கூசாமல் எழுதுகிறேன், பார்த்தீர்களா? 'பலனிவேலு' என்பது நீங்கள் சொல்லும் பேர். அவருடைய பேர் வேறு. ஆகவே குற்றம் இல்லை.

கந்தோரில் தொடங்கியது கோயிலுக்கும் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்கு நீங்களும் வருவீர்கள். ஐயர் கேட்டால் என் வீட்டுக்காரர் பேரை நீங்கள் சொல்வீர்கள், உங்கள் வீட்டுக்காரர் பேரை நான் சொல்வேன். நட்சத்திரம்கூட உங்கள் ஊர் முறைப்படிதான். எங்கள் வீட்டுக்காரரின் உத்தரத்தை 'உத்ரபல்' என்பீர்கள், உங்கள் மாத்தயாவின் ரோகிணி 'ரெஹெண'. அப்போது பூசை செய்த பெரிய ஐயர் முதல் நாள் முழித்தார், பிறகு பழகிவிட்டார். இப்படியே பலனிவேலுவும் சின்னதாசனும் வாரா வாரம் சந்நிதிக்குள் போனார்கள். அப்படி இரண்டு பேர் இந்தத் திருகோணமலையில் எந்த வீட்டிலும் இல்லை என்பது வேறு கதை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பேர் கோணலாகப் போனால் வரமும் கோணலாக வேறு ஆருக்கும் போய்விடாதா? அதனால் உங்களைக் குசினியில் இருத்திப் பாடம் எடுத்தேன். ஒரு சீப்புக் கதலியைக் கையில் தூக்கி, "பழம் எண்டு சொல்லுங்கோ அக்கா. நாக்கை மேல மடியுங்கோ" என்றேன்.

"பலம்."

"மடியுங்கோ, இன்னும்."

"நாக்கு விழுங்குப்படும் நங்கி! பலம்."

அந்த நேரம் பார்த்து என் மாமியார் உள்ளே வந்து, "ஏன் பிள்ளை, அந்தப் பளம் கனிஞ்சு போச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சீப்பைப் பார்த்தேன்.

"உங்கட மாமி பளம். நான் பலம். என்ட மட்டும் பிழையா?"

உண்மைதானே. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேல் அந்த எழுத்து வளையாது. பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் பிரம்போடு நின்றபோது வளைந்தது, வெளியே வந்ததும் நிமிர்ந்துவிட்டது. துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை இன்னும் மோசம். இவரை 'பால்' என்று கூப்பிட்டான். ஞானஸ்நானம் இல்லாமலே வேதக்காரர் ஆக்கிவிட்டான். உங்கள் மாத்தயாவை 'ஜின்னி' என்றானாம், அது அவர்கள் ஊரில் பெண் பேராம். அதைக் கேட்டு நீங்கள் அழுதீர்கள், ஞாபகமா? "ஆறடி ஆம்பிளைக்கு ஜின்னியா?" பாடம் அன்றோடு முடிந்தது, வாழைப்பழத்தைத் தின்றோம்.

ஆனாலும் நான் விட்டேனா? பெரிய ஐயரிடமே போய்க் கேட்டேன். "ஐயா, பேரை மாறிச் சொன்னால் அம்மாளாச்சிக்கு விளங்குமோ?" அவர் விபூதித் தட்டை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விலாசம் பிழைச்சால் திருப்பி அனுப்ப அவ என்ன தபால்கந்தோரோ? போம் பிள்ளை, போய்க் கும்பிடும்." ஐயரே சொன்னதால் சரி என்று வந்தேன். ஆனால் உங்களுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது ஒரு மாரியில்தான் தெரிந்தது.

அந்த நாளை நீங்கள் பிறகு ஒருநாளும் கதைக்க விட்டதில்லை, வெட்கம். இப்போது என் வாயைப் பொத்த உங்களால் ஏலாது, எழுதுகிறேன். விடியக் காலையில் உங்கள் மாத்தயா வேலை செய்த டக் போட், அந்தக் கப்பல் இழுக்கிற படகு, வெளியே போனது. துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு கப்பல் காற்றில் மாட்டிக்கொண்டு நின்றதாம், அதை இழுத்து வர. மத்தியானம் வாடை பிடித்தது. வீட்டு ஓடுகள் தாளம் போட்டன. கப்பல் தானாக நங்கூரம் போட்டுத் தப்பிவிட்டது, டக் போட்டைக் காணவில்லை என்று எங்கள் வீட்டுக்காரர் நனைந்து வந்து சொன்னார். நீங்கள் அழவில்லை. அடுப்பை அணைத்தீர்கள், தட்டை எடுத்தீர்கள், "வா நங்கி" என்றீர்கள். குடை பறந்து போக, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பின்னேரப் பூசைக்குப் போனோம்.

மழையிலும் கோயிலில் சனம். உங்களைப் போல ஆக்களைக் கடலில் விட்ட வீடுகள். ஐயர் நமக்கு முன்னால் வந்து நின்றார்.

"சின்னதாசன், ரெஹெண" என்றேன் நான், வழக்கம் போல.

என் கையைப் பிடித்தீர்களே அக்கா, அந்த நகம் பட்ட இடம் கன நாள் எரிந்தது. "இல்ல! அது இல்ல பேர்!"

"அக்கா, இவ்வளவு நாளும் இப்பிடித்தானே..."

"இவ்வளவு நாளும் மனுசன் வீட்டில இருந்தது. இண்டைக்குக் கடல்ல! எங்கயோ ஒரு சின்னதாசன் இருந்து, அவன் கரைக்கு வந்தா நான் என்ன செய்றது? அவன்ட பொஞ்சாதிக்குச் சோறு போடவா?"

பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி அந்தக் கவலையிலும் சிரித்துவிட்டாள். ஐயர் நல்ல மனுசன், நான் மெல்லமாகச் சரியான பேரைச் சொல்லிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு மந்திரத்தைத் தொடங்கினார். "ஜினதாஸ நாமதேயஸ்ய..." என்று இழுத்தார். நீங்கள் மறுபடியும் பாய்ந்தீர்கள்.

"ஐயா, அந்த வால் வேணாம்!"

"அது சமஸ்கிருதம் அம்மா. வால் இல்லாமல் மந்திரம் போகாது."

"அவருக்கு வால் இல்ல. வாலோட கூப்பிட்டா அவர் திரும்பிப் பாக்க மாட்டார்."

ஐயர் மணியைக் கீழே வைத்தார். கோயிலை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சால்வையில் கையைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "சரி. பேர் வாற இடத்தில நான் நிப்பாட்டுறன். நீங்களே சொல்லுங்கோ. பிறகு நான் தொடருறன்."

நீங்களே சொல்வதா! நான் உங்கள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். மாத்தயாவுக்கு முன்னாலோ, அறைக்குள் தனியாகவோகூட நீங்கள் சொல்லாத பேர். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டு வந்தார், நின்றார். காற்று மட்டும் கேட்டது. நீங்கள் என் கையை விட்டுவிட்டு ஓரடி முன்னுக்கு வந்தீர்கள்.

"ஜினதாச!"

கும்பிடுகிற குரலா அது? சோறு ஆறிப்போகிறது, வா என்று கடற்கரையில் நின்று கூப்பிடுகிற குரல். இரண்டாந்தரம் ஐயர் நிற்கவே இல்லை, நீங்களாகவே கூப்பிட்டீர்கள். மூன்றாந்தரம் எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஐயர் மணியை எடுத்து அடித்தார். அந்த மணி, சனம், மழை எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் மாத்தயாவின் பேர் நின்றது, ஒரு எழுத்தும் கோணாமல்.

அடுத்த நாள் காலையில் அவர் வந்தார். காற்றுக்கு எதிராக வர ஏலாமல் குடாவுக்குள்ளேயே கிண்ணியாப் பக்கம் ஒதுங்கியவர்களை அங்கே முஸ்லிம் ஆக்கள் கரையில் இழுத்து விட்டு, இறைச்சிக் கறியோடு சோறும் கொடுத்து, உடுக்க உலர்ந்த சாரமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சாரம் முழங்காலோடு நின்றது. "அங்கை எல்லாருக்கும் நான் சீனித்தம்பி நங்கி" என்று சிரித்தார். "ஜினதாச எண்டன், சீனித்தம்பியோ, வாங்கோ எண்டினம். பசியில நானும் ஓம் எண்டிட்டன்."

நீங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். கோயிலில் நடந்தது அதற்கிடையில் துறைமுகம் முழுக்கப் போய்விட்டது. அவர் கதவுக்கு வெளியே நின்று, "இன்னொருக்காச் சொல்லன், கேப்பம்" என்றார். உள்ளேயிருந்து அகப்பை ஒன்று வந்து கதவில் பட்டது. பிறகு நீங்கள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்கவேயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் காதுக்குள், "இனி நீயே சொல்லு நங்கி. சின்னதாசன் எண்டாலும் காரியமில்ல, மனுசன் வீட்டில" என்றீர்கள். ஆனால் நான் பழகிவிட்டேன் அக்கா. அதற்குப் பிறகு ஒருநாளும் 'ன்' போட்டதில்லை.

சோறு அடிப்பிடிக்கிற மணம் வருகிறது. பின்னேரமாகப் போகிறது. உங்கள் மாத்தயா என்னோடு கோயிலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவரையே பேர் சொல்லச் சொல்லலாம். டக் போட்டில் தமிழ் ஆக்களோடு கிடந்தவர், அவருடைய நாக்கு என் மாமியாரின் நாக்கைவிட நன்றாக வளையும். அப்படியிருந்தும் என்னவோ மனசு ஒப்பவில்லை. போய்விட்டு வந்து மிச்சம் எழுதுகிறேன்.

அக்கா, மிச்சம் எழுத ஒரு கிழமை போய்விட்டது. சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரிய ஐயரின் மகன்தான் இப்போது பூசை. படித்த பிள்ளை, நல்ல உச்சரிப்பு. உங்கள் மாத்தயா தேங்காயோடு எனக்குப் பக்கத்தில் நின்றார். சின்ன ஐயர் தட்டை வாங்கினார்.

"பேர், நட்சத்திரம்?"

மாத்தயா என் பக்கம் குனிந்தார். "நான் சொல்றன் நங்கி."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எப்படி வந்ததோ தெரியாது. என் வாய்தான், ஆனால் நீங்கள் சொல்வது போலவே, முதல் எழுத்தில் அழுத்தி, கடைசியில் கொஞ்சம் தூக்கி:

"பலனிவேலு. உத்ரபல்."

சின்ன ஐயர் புன்சிரிப்போடு அதைத் திருத்தி, நான் எழுதக் கூடாத அந்தப் பேரைத் துப்புரவாகச் சொன்னார். பிள்ளை பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"இல்லை ஐயா" என்றேன். "அம்மாளாச்சிக்கு இவ்வளவு வருசமும் அந்தப் பேர்தான் பழக்கம். இப்ப புதுப் பேரோட போனால் ஆரெண்டு யோசிச்சுக்கொண்டிருப்பா. விடிஞ்சால் ஒப்பரேசன், யோசிக்க நேரமில்லை. நான் சொன்னபடியே சொல்லுங்கோ."

சொன்னார். உங்கள் மாத்தயா தேங்காயை மற்றக் கைக்கு மாற்றிவிட்டுத் தூண் பக்கம் திரும்பி நின்றார். திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டுதான் வந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. "அவட வாய்தான் நங்கி, அப்படியே" என்றார்.

"இன்னொரு பேர் இருக்கு ஐயா" என்றேன். "ஜினதாச. ரெஹெண. வால் வேண்டாம்."

வீட்டுக்காரர் நேற்றுக் காலையில் வந்து சேர்ந்தார். ஒரு கண்ணுக்கு மேலே பச்சைத் துணி தொங்குகிறது, மற்றக் கண்ணுக்கு அடுத்த வருசமாம். படலையடியில் நின்றே அந்தத் துணியைத் தூக்கி என்னைப் பார்த்து, "எப்ப உனக்கு இவ்வளவு தலை நரைச்சது?" என்று கேட்டார், அந்தளவுக்கு நன்றாகத் தெரிகிறது. வாங்கிலில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்.

"அர்ச்சனை செய்தனியோ?"

"ஓம், செய்தனான்."

கோப்பையை மடியில் வைத்தார். "அவ இல்லையே. என்ர பேரை ஆர் குடுத்தது?"

"அக்காதான் குடுத்தவ" என்றேன்.

இவர் பச்சைத் துணியைத் தூக்கி என்னைப் பார்த்தார், பிறகு வேலிப் பொட்டைப் பார்த்தார், பிறகு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தார்.

"அதுதானே பாத்தன்" என்றார்.

நங்கி